மஞ்சள் அங்கி

பாம்பெர்க், 3 மார்ச் 1868

என் வீட்டுக்காரர் ஹிர்ஷுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தையில் ஓர் ஓவியர் வழிமறித்து, "தீர்க்கதரிசி ஏசாயா முகம் உங்களுக்கு! படம் வரைய உட்காருங்க" என்றாராம். புத்தகம் தைக்கிறவர் முகத்தில் திடீரென்று தீர்க்கதரிசியா? பெயர் ராய்ட்லர். கிறிஸ்தவன்; நாங்களோ யூதர்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

8 மார்ச்

படம் ஈஸ்டருக்கு அவர்கள் கோயிலில் மாட்டவாம். இவருக்கு மஞ்சள் அங்கி போட்டுவிடுகிறானாம். எதற்கு மஞ்சள்?

11 மார்ச்

பால்காரி வால்புர்காவிடம் கேட்டேன். அவள் தயங்கினாள். "எங்க கோயில் படத்துல மஞ்சள் போட்டவன் ஒருத்தன்தான்க்கா. யூதாஸ்."

இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன்! ஹிர்ஷ் நம்பவில்லை. "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்டி." சந்தேகம்தான்! ஈஸ்டருக்குக் கோயிலில் மாட்டினால், அதே முகத்தோடு இவர் சந்தையில் எப்படி நடப்பார்? துப்பமாட்டார்களா?

19 மார்ச்

சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் அவன் படம் வரையும் இடத்துக்குப் போனேன். படத்தைத் துணியால் மூடிவிட்டான், திருடன்.

ஹிர்ஷ் எழுந்தபோது மடியிலிருந்த பிரார்த்தனைப் புத்தகம் தரையில் விழுந்தது. ராய்ட்லர் குனிந்து எடுத்தான். எடுத்தவன், முத்தமிட்டான்! விழுந்த புனிதப் புத்தகத்தை எடுத்து முத்தமிடுவது எங்கள் வழக்கம்; யூத வீட்டில் வளர்ந்த பிள்ளையின் கைதான் அதை யோசிக்காமல் செய்யும். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"வெளிய சொல்லமாட்டேன். உண்மையச் சொல்லு. இவருக்கு என்ன வேஷம்?"

"யூதாஸ்தாம்மா. பாதிரியார் இப்படி ஒரு யூத முகம்தான் கேட்டாரு. நான் மாட்டேன்னா, என்னையே உத்துப் பாப்பாங்க."

"உங்கம்மா பாத்தா என்னடா சொல்லுவா?"

ஹிர்ஷ் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தார்.

20 மார்ச்

காலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கேட்கிறார்: "என்னப் பாத்தா காட்டிக்குடுக்கிறவன் மாதிரியா இருக்கு?" பாவி, இவரைக் கேட்க வைத்துவிட்டானே.

16 ஏப்ரல்

எங்கள் பஸ்கா பண்டிகை முடிந்தது. அவர்கள் ஈஸ்டரும். பஸ்கா வாரம் முழுக்க வராத வால்புர்கா இன்று பாலோடு வந்தாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். கோயிலுக்குள் நான் போக முடியுமா என்ன?

"படம் மாட்டிட்டாங்கக்கா. உங்க வீட்டுக்காரர் மூஞ்சி எங்கயுமே இல்ல."

"அப்போ யூதாஸுக்கு?"

"அந்த ஓவியர் மூஞ்சியேதான்! கண்ணு, மூக்கு எல்லாம். கிறுக்கன்னு ஊரே சிரிக்குது."

ஹிர்ஷிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எனக்கும் தோன்றவில்லை. ராய்ட்லர் என்பது அவன் வைத்துக்கொண்ட பெயராகத்தான் இருக்கும். பெற்றவள் வைத்த பெயர் என்ன என்று, அன்று நான் கேட்டிருக்கலாம்.