அம்மாவுக்கு வழி தெரியவில்லை

அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பிறகு தம்பியை உன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னாய். மாப்பிள்ளைக்கும் சம்மதம் என்றாய். அவருக்குப் பெரிய மனசு. நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்ததில் உனக்கு வருத்தம் என்று தெரியும். பதில் சொல்லும் முன் நடந்ததைக் கேள்.

அவன் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துண்டும் போர்வையும் மடிக்கிறான் அல்லவா? முனையோடு முனை சேராவிட்டால் பிரித்து மறுபடி மடிக்கிறானாம். வேகம்தான் போதவில்லை. ஆரம்பத்தில் நான்தான் கொண்டுபோய் விட்டு, கூட்டி வந்தேன். அங்கே மேற்பார்வை பார்க்கும் பெண், "வளந்த பிள்ளைக்கு எதுக்கும்மா காவல்? பஸ்ல தனியா அனுப்புங்க" என்று பிடித்த பிடியில் நின்றாள். எனக்கு வந்ததே கோபம். பெற்றவளுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டதாக்கும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன்.

அப்புறம் பஸ்ஸில் போய்வரப் பழக்கினேன். அவன் தனியாகக் கிளம்பிய முதல் நாள் வாசலில் நின்று கையசைத்தேன். அவன் தெருமுனை திரும்பியதும் குறுக்குச் சந்தில் ஓடி, முக்காடு போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் பின்பக்கம் ஏறினேன். சிரிக்காதே. நீயாக இருந்தாலும் ஏறியிருப்பாய்.

பார்த்துவிட்டான். எழுந்து வந்து, "அம்மா, உனக்கு வழி தெரியலையா?" என்று கேட்டான். இல்லையடா என்று நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. கையைப் பிடித்து இறக்கினான். இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடக்க வைத்து, எதிர்ப் பக்கம் பஸ் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். நாற்காலியில் உட்கார வைத்தான், தண்ணீர் கொடுத்தான், டிவியைப் போட்டான். "பயப்படாத, சீக்கிரம் வந்துடுவேன்" என்று சொல்லி வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். நான் கடைக்குப் போகும்போதெல்லாம் அவனுக்குச் சொன்னது அதே வார்த்தைதான்.

கொஞ்ச நேரத்தில் மேற்பார்வைப் பெண் போன் செய்தாள். "அம்மா வழி தவறிட்டாங்க, வீட்டுல விட்டுட்டு வந்தேன், அதான் லேட்டு" என்று அவளிடம் சொன்னானாம். உள்ளே உட்கார்ந்து முதலில் சிரித்தேன். பிறகு வெகுநேரம் அழுதேன். இத்தனை வருஷம் அவனுக்கு வராது, வராது என்று எத்தனை காரியத்தை நானே செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் சொன்ன வீட்டில் அவனைத் தனியே குடிவைக்கச் சம்மதித்தேன். இவனைப் போல இன்னும் இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். தினமும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். போன மாதம் குடியேறினான். முட்டை பொரித்தால் பாதி ஓடு சட்டியில் கிடக்கிறது. தின்கிறான், ஒன்றும் ஆகவில்லை. அறை மாடியில். எனக்கு இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதனால் அவன்தான் இறங்கி வருகிறான். போன ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போய் நின்றதற்கு, "போன் பண்ணிட்டு வரணும்மா, துணி துவைச்சிட்டிருக்கேன்ல" என்று கடிந்துகொண்டான். எனக்குச் சுருக்கென்றது. சந்தோஷமாகவும் இருந்தது.

டாக்டர் உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பார். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீ ஒன்று மட்டும் செய். அந்தச் செய்தி கேட்டு ஓடி வருவாய் அல்லவா, அப்போது அவனைக் கட்டிக்கொண்டு வேண்டிய மட்டும் அழு. ஆனால் பாவம் என்று அவன் பெட்டியைக் கட்டிவிடாதே. காரியமெல்லாம் முடிந்ததும் அவனை வேலைக்குப் போகவிடு.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா