வூச்சாங் வாசலை நான் அடைத்தது

மெய்யுவானுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் இருமல் நின்றதா?

யாங்சி ஆற்றில் வெள்ளம் ஏறுவதால் வூச்சாங் கோட்டையின் ஆற்று வாசலைப் பலகை வைத்து அடைத்தோம். களிமண் அப்புவதில் உன் புருஷன் புலியாயிற்றே. அப்பி முடித்த பிறகுதான் நான் வெளிப்பக்கம் நிற்பது உறைத்தது.

மதில்மேலிருந்து என் கூட்டாளி ஷென் எட்டிப் பார்த்தான். "பிரமாதம்ணே. ஒரு சொட்டுகூட உள்ள வரலை."

"நானுந்தான்டா வரலை. கயிறு போடு."

"உத்தரவு இல்லண்ணே. ஒங்கள ஏத்துனா அங்க வெளிய மாட்டிக்கிட்டு நிக்கிற சனம் அத்தனை பேரும் ஏறுவாங்க."

இப்போது வெளியே மாட்டிய நாங்கள் எல்லோரும் கரைமேட்டில் இருக்கிறோம். தண்ணீர் இன்னும் ஏறுகிறது. ஊர்ப்பக்கம் போகும் படகில் கடிதத்துக்கு மட்டும் இடம் கிடைத்தது. முடிந்தால் பஞ்சுச் சட்டை அனுப்பு.

பெரியவன் இங்கே வேலைக்கு வரத் துடிக்கிறானாமே, அனுப்பாதே. அவனுக்கும் என்னைப்போலவே, வேலையில் இறங்கினால் வேறெதுவும் கண்ணில் படாது.

படகுக்காரர் அவசரப்படுத்துகிறார்.

தேஷான்