முகம் காட்டாத மல்லிகை

ஆகஸ்ட் 4, 2025

வெட்கக்கேடு. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண்ணின் பின்னலை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடரியைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில்! திரும்பினாள். "என்னக்கா, பேன் ஏதும் தெரியுதா?"

"ஒண்ணு ஓடிச்சு."

பாவம், இறங்குகிற வரை தலையைச் சொறிந்துகொண்டே வந்தாள்.

மச்சம் இல்லை. அவள் இல்லை.

ஆகஸ்ட் 6

காரணத்தையும் எழுதித் தொலைக்கிறேன். என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி, மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஞாயிறானால் கேமராவோடு பூ தேடிப் போவார். கலர் கூடாது; கறுப்பு வெள்ளைதான். எருக்கு, பூசணிப்பூ, செண்பகம் — நிறத்தை எடுத்தால்தான் பூவின் எலும்பு தெரியுமாம். "பூவுக்கு ஏங்க தாலியறுக்கீக?" என்பேன். சிரிப்பார். அவர் போய் இரண்டு வருஷம். இப்போது நானும் அந்தப் பூக்களின் கட்சி.

போன வாரம் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எழுபது பூ. ஒன்று மட்டும் செடியில் இல்லை, ஒருத்தியின் கொண்டையில். மல்லிகைச் சரம், பின்கழுத்து, அதில் சின்ன மச்சம். தூசி என்று தேய்த்தேன். போகவில்லை. படத்தின் பின்னால் அவர் கையெழுத்து: 'ஸ்ரீவி. தேர்.'

சேலை நிறம் தெரிந்தாலாவது ஆளைப் பிடித்துவிடுவேன். எல்லாம் சாம்பல்.

தேருக்கு என்னையும்தான் வருஷாவருஷம் கூட்டிப்போவார். சேர்ந்து நடக்கமாட்டார். "நீ முன்னால போ, வாரேன்" — பத்தடி பின்னால் நிற்பார். இப்பல்ல தெரியுது, எவளப் பாத்துட்டு நின்னாருன்னு!

ஆகஸ்ட் 7

சாயங்காலம் அடுக்களையில் மல்லிகை வாசம். இந்த வீட்டில் பூ நுழைந்து இரண்டு வருஷமாகிறது. அடுப்பருகே முதுகு காட்டி நிற்கிறாள். மூஞ்சியத் திருப்புட்டி! மாட்டாள். லைட்டைப் போட்டால், கொடியில் காயும் என் சேலை. வாசம் மட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 9

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அதாவது, ஊருக்கே சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சியா? அவிய தலை நிமிர்ந்து நடந்தே நான் பாத்ததில்லையே!"

"குனிஞ்சுதான் பூப் பறிச்சிருக்காரு."

நல்ல பதில்தான். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 12

நாளை அவருக்குத் திதி. படைக்கமாட்டேன். அவள் போடட்டும் சோறு. சுவரிலிருந்த அவர் படத்தையும் திருப்பி மாட்டிவிட்டேன். இப்போது வீட்டில் இரண்டு பேர் எனக்கு முதுகு காட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 13

ஜன்னலில் ஒரு காக்கா. விரட்டினேன். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தது. பசியோடுதான் போயிருக்கும். இனி அடுத்த வருஷம்தான்.

ஆகஸ்ட் 17

சிவரஞ்சனியின் பார்லரில் டை அடிக்கப் போனேன். (யாருக்காக என்று நானே என்னைக் கேட்கவில்லை.) முடித்துவிட்டு, பின்கழுத்தை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எரிந்தது.

"ஏட்டி, தோலை உரிக்கியா?"

"டை ஒட்டிருச்சேன்னு தேய்க்கேன்க்கா, போகவே மாட்டேங்குது." செத்த நேரம் குனிந்து பார்த்தாள். "அட, மச்சம்லா இது!"

எனக்கு முன்னால் பெரிய கண்ணாடி. பின்னால் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள்.

அவள்தான்.