பாலத்துக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 3, செவ்வாய்

கோட்டை இரண்டாம் பாகம் இன்று வெளியாகிவிட்டது. விளையாட்டின் முழுப் பெயர் நீளம். ஐரினும் நானும் கோட்டை என்றுதான் சொல்வோம். காந்திகிராமத்தில் படித்தபோது விடுதி அறையில், அவளுடைய லேப்டாப்பில் முதல் பாகத்தை முடித்தோம். ஒரே கீபோர்டு, இரண்டு பேர். இடது பக்கம் நான்: நடப்பது, ஓடுவது, அடி விழுமுன் விலகுவது. வலது பக்கம் மவுஸ் அவளிடம்: வெட்டுவது, தடுப்பது. வேறு யாரும் அப்படி விளையாடி நான் பார்த்ததில்லை.

விலையைப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

பிப்ரவரி 4

சாப்பாட்டு நேரத்தில் விமர்சனங்கள் பார்த்தேன். ஒருவர் சண்டை பிரமாதம், கதை சுமார் என்கிறார். இன்னொருவர் கதை பிரமாதம், சண்டை சுமார் என்கிறார். இரண்டு பேரும் ஒத்துப்போகிற இடம் ஒன்றுதான். இந்தப் பாகத்தில் சும்மா விலகி ஓடித் தப்பிக்க முடியாது. எதிரி வாளை இறக்கும்போது ஓரடி முன்னால் வைத்து, அதே நொடியில் தடுக்க வேண்டும். காலும் கையும் ஒன்றாக. இதற்காகவே வாங்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எனக்கு அதுதான் இடிக்கிறது. ஒரே ஆளின் இரண்டு கைக்காகச் செய்த விளையாட்டு. நான் பாதி ஆள்.

பிப்ரவரி 5

நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் ரிசப்ஷனில் இருக்கும் ரோஸ்மேரி அக்கா என் போனை எட்டிப் பார்த்துவிட்டார். "வாள் சண்டையா? ஏசியக் குறைக்கச் சொல்றதுக்கே நீ அரை நாள் யோசிப்பியேடி." ரிப்போர்ட் டைப் செய்யும் அறையில் குளிர் தாங்காமல் நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 7, சனி

டெமோ இலவசம். இறங்கிக்கொண்டிருக்கிறது, நத்தை மாதிரி.

லேப்டாப் முன்னால் நான் உட்கார்ந்தால் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து செத்த நேரம் செய்தி பார்க்கிறவர். வீட்டில் டிகிரி வாங்கியது நான் ஒருத்திதான். நான் லேப்டாப்பில் என்ன செய்தாலும் அவருக்கு அது படிப்பு, இல்லையென்றால் வேலை. இன்றும் குறைத்தார். வேண்டாம்ப்பா, இது விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

டெமோ ஒரு பாலத்தில் தொடங்குகிறது. கைப்பிடிச் சுவர் கிடையாது. மறுமுனையில் கோட்டைக் கதவு, அதன் முன்னால் ஒரு காவல்காரன். அவனைத் தாண்டினால் டெமோ முடிந்துவிடும்.

தாண்டவில்லை. என் இடது கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு அழகாக ஓடுகிறேன்! வலது கை மவுஸை மண்சட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவன் வெட்டியபிறகுதான் விரல் அழுத்துகிறது.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள். "ஏன்டி, அவென் அடிச்சுக்கிட்டே இருக்கான், நீ சுத்திச் சுத்தி வாரியே. திருப்பி ஒண்ணு போட வேண்டியதுதான?"

பிப்ரவரி 10

ஐரினுக்குச் செய்தி எழுதினேன். அழித்தேன்.

பிப்ரவரி 13

மறுபடியும் எழுதி அழித்தேன். என்ன பயம் எனக்கு?

அவளுக்குக் கல்யாணமாகி வடமதுரை போனபிறகு பேச்சு குறைந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. கடைசியாகக் குழந்தையின் படம் அனுப்பினாள். நான் ஒரு இதயம் போட்டேன். அதற்கு மேல் இருவரும் எதுவும் எழுதவில்லை. கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருப்பவளிடம் கேம் வந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சரி என்று மட்டும் பதில் வந்தால்? அதைவிட, அவளுக்கு அதெல்லாம் மறந்தே போயிருந்தால்?

விளையாட்டு நன்றாக இருக்கிறதா என்று பத்து நாளாக யாராரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் கேட்க நினைப்பது அதுவல்ல. இனி அவள் வருவாளா, மாட்டாளா? வரமாட்டாள் என்றால் எதற்கு வாங்குவது?

பிப்ரவரி 14

"கோட்டை ரெண்டு வந்திருக்கு." அவ்வளவுதான். அழிக்குமுன் அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 15

காலையில் பதில் வந்திருந்தது. "தெரியும்டி. நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அடுத்த ஞாயித்துக்கெழம அம்மா வீட்டுக்கு வாரேன். லேப்டாப்ப எடுத்துக்கிட்டு வா."

அம்மா இரண்டு தடவை கேட்டாள், ஏன் சிரிக்கிறாய் என்று.

பிப்ரவரி 22, ஞாயிறு

சின்னாளபட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய் வந்தேன். ஐரின் இளைத்திருக்கிறாள். பையன் அவளுடைய வலது தோளில் தூங்கிவிட்டான். கீழே விட்டால் விழித்துக்கொள்வானாம். அவளுக்கு மிச்சம் இருந்தது இடது கை. வழக்கத்துக்கு மாறாக, நான் மவுஸ் பக்கம் உட்கார்ந்தேன்.

அவளுக்கு நடக்கத் தெரியவில்லை! சுவரில் முட்டினாள். முதல் எட்டிலேயே பாலத்திலிருந்து விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். "ஏலே, இதுல கைப்பிடி வைக்கிறதுக்கென்ன இவனுகளுக்கு" என்று கிசுகிசுத்தாள், பையன் எழுந்துவிடுவானோ என்று. சிரிப்பை அடக்கி எனக்கு விலா வலித்தது. "முன்னாடி இப்படி நான் விழுந்ததே இல்லையேடி" என்றாள். அப்போது நடை என் கையில் இருந்தது என்றேன். பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்ப்பதுபோலத் திரைப் பக்கம் குனிந்தாள். "ஆமால்ல. நான் கீழ பாத்ததே இல்ல."

நான் எப்போதும் பிந்தித் தடுத்தேன். பிறகு அவள் ஒரு வழி செய்தாள். அடி எடுத்து வைக்கும்போது "ம்" என்பாள்; அந்தச் சத்தத்துக்கு நான் அழுத்த வேண்டும். ம். ம். ம். காவல்காரன் விழுந்தான். கதவைத் தொடுமுன் பையன் முழித்துவிட்டான், அவன் பங்குக்கு அழுதான். அப்படியே சேமித்து மூடினேன்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது சொன்னாள். "வாங்குடி, அறிவு. ஆனா எனக்காக வாங்காத. அடுத்து எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

பிப்ரவரி 24

எனக்காக என்றால் வேண்டுமா?

வெட்டியபோது என் விரலில் மவுஸ் அழுந்தியது நினைவிருக்கிறது. நன்றாக இருந்தது.

பிப்ரவரி 25

ஏசியைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார்கள். இவ்வளவுதானா?

பிப்ரவரி 28, சனி

வாங்கிவிட்டேன். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "விளையாட்டுத்தான்ப்பா, நீங்க சத்தமாவே வச்சுக்கங்க" என்றேன். எட்டி என் திரையைப் பார்த்தார். பிறகு சத்தத்தைக் கூட்டினார், முன்பைவிட அதிகமாக.

டெமோவில் சேமித்தது முழு விளையாட்டிலும் தொடர்கிறது. இருந்தாலும் எனக்கென்று முதலிலிருந்து புதிதாகத் தொடங்கினேன். ஐரினோடு ஆடியதை இரண்டாவது சேமிப்பாக அப்படியே வைத்திருக்கிறேன்.

மார்ச் 5

காவல்காரனைத் தனியாகவே தாண்டினேன். வாய்க்குள் "ம்" சொல்லிக்கொண்டு. அப்பா செய்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், "செயிச்சியா?" என்றார். ஆமா என்றேன். கதவுக்குப் பின்னால் பெரிய ஊரே இருக்கிறது. மழை பெய்கிறது. கதை சுமார் என்றவர் இதுவரை வந்திருக்கமாட்டார்.

மார்ச் 12

ஐரினின் செய்தி: "பையன் தூங்கிட்டான். நான் எங்கடி நிக்கிறேன்?"

இரண்டாவது சேமிப்பைத் திறந்து பார்த்தேன். கதவுக்கு முன்னால், பாலத்தின் விளிம்பில் நின்றிருந்தாள். நாலடி உள்ளே தள்ளி, விழாத இடமாகப் பார்த்து நிறுத்தி, மறுபடியும் சேமித்தேன்.

"பாலத்துக்கு இந்தப் பக்கந்தான். விழமாட்ட."

அனுப்பிவிட்டேன்.