முகம் இல்லாத வரிசை

என்னங்க,

போன்ல பேசினா அம்மா காதுல விழும். தோட்டத்து லைன் வீட்டுச் சுவர் அவ்வளவு மெல்லிசு. அதான் எழுதுறேன்.

தேர்தலுக்கு முன்னால நம்ம தொகுதி எம்.பி., அந்த ஒய்பி, இந்தத் தேயிலைத் தோட்டத்துல அரிசிப் பை கொடுத்ததைக் கேலிச்சித்திரமா வரைஞ்சு போட்டேன்ல? அங்க கோலாலம்பூர்ல எல்லாரும் சிரிச்சாங்க. இங்க ஒருத்தரும் சிரிக்கல. ஒய்பியைக் கிண்டல் பண்றேன்னே யாருக்கும் தோணல. கையேந்தி, முதுகு வளைஞ்சு நிக்கிற வரிசைதான் கண்ணுல பட்டிருக்கு. "நம்ம புள்ளையே நம்மள பிச்சைக்காரங்களா போட்டுட்டியே லா"ன்னு பக்கத்து வீட்டு இராசம்மாக்கா கேட்டாங்க. பிரிஞ்சாங் சந்தைக்கு என்னைக் கூப்பிடாமலே போயிட்டாங்க.

அன்னிக்கு அந்த வரிசையில அம்மாவும் நின்னாங்களாம். எனக்குத் தெரியாது.

நேத்து கொழுந்து எடுத்துட்டு வந்த அம்மா, பூட்ஸைக்கூட கழட்டாம கேட்டாங்க: "அந்த ஆளுக்கு மூக்கு, மச்சம் எல்லாம் போட்டிருக்க. எங்களுக்கு ஏன் முகமே போடல?"

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வரிசையில நின்னவங்க முகத்துக்கெல்லாம் வெறும் வட்டம்தான் போட்டிருந்தேன்.

இன்னிக்கு அவங்களுக்கு லீவு. தலை சீவி, பொட்டு வச்சு, என் எதிர்ல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துட்டாங்க. "இப்ப வரை"ன்னாங்க. காலையிலேர்ந்து தாள் தாளா கிழிக்கிறேன். சாயல் வருது, அந்தப் பார்வை வரல. இப்பதான் தேத்தண்ணி போட எழுந்து போயிருக்காங்க.

வியாழக்கிழமை அங்க வர்றேன்னு சொன்னேனே, வரமாட்டேன். அடுத்து நான் வரையறதுக்கு அம்மா இராசம்மாக்காவைக் கூட்டிட்டு வருவாங்களாம்.

கையெல்லாம் பென்சில் கரியோட,
உங்க வீட்டுக்காரி