வெயில் தின்ற படகு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் உடனே வாங்கிக்கொள்.

இங்கே ஒரு வேடிக்கை. ஏரியில் நாங்கள் வாடகைக்கு விடும் துடுப்புப் படகெல்லாம் பிளாஸ்டிக். வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தால் சாயம் வெளுத்து, தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டும். தட்டினால் ‘தொம்’ என்று கேட்க வேண்டியது ‘டக்’ என்று கேட்கும்; உள்ளே இற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். அப்படி ஒன்று நேற்று நடு ஏரியில் என் காலடியிலேயே பிளந்துவிட்டது. மிதவைச் சட்டை போட்டிருந்ததால் நனைந்ததோடு சரி.

“பிளாஸ்டிக்குக்கு ஏதுடா சாவு? உருக்கி ஒட்டினா புதுசு!” என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தோம்.

துணி காயப்போட மொட்டை மாடியில் ஏறி நிற்பாயே, அந்த நீல ஸ்டூல், அதுவும் பிளாஸ்டிக்தானே? நான் கிளம்பும் முன்பிருந்தே வெயிலில் கிடக்கிறது. இனி அதில் ஏறாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனைப் பக்கத்தில் வைத்து அதைத் தட்டிக் காட்டு. சத்தத்தை நான் கேட்க வேண்டும்.

முதலாளி கூப்பிடுகிறார். ஒட்டுப்போட்ட படகை முதலில் ஓட்டிப் பார்க்கப்போவது நான்தானாம். அதைத் தட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவசரத்தில்,
உன் மகன்