சம்பந்தி கையில் ஒரு கரண்டி

சேர்வராயன் துணை

நாகலூர்,
ஆடி இரண்டாம் வெள்ளி.

குகையின் இருளைத் தனக்குக் கோயிலாகவும் மலை முழுவதையும் அடியார்க்கு நிழலாகவும் ஆக்கி நிற்கும் பெருமானையும், அவன் அருகே அருள் சுரந்து வீற்றிருக்கும் காவேரித் தாயையும் முதற்கண் தொழுது தொடங்குகிறேன்.

சௌபாக்கியவதி கண்ணாயிக்கு, உன் கணவன் மாதேஸ்வரன் எழுதுவது. இவ்விடம் நான் நலம். ஓசூரில் நீயும், நம் மகள் கவிப்பிரியாவும், பேரனும், மாப்பிள்ளையும், சம்பந்தி ஐயாக்கண்ணுவும், அவர் மனைவி வேலம்மாளும் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக.

கைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நாகலூரில் டவர் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும், நான் பேசத் தொடங்கியவுடன் கவிப்பிரியா அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் உன்னிடம் கேட்பதற்குச் சம்பந்தி விடை சொல்கிறார். சென்ற வாரம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப நொம்பத் தேவலைங்க சம்பந்தி" என்றார். நான் கேட்டது உன் முழங்காலை. கடிதத்தை உரக்கப் படிக்கும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை என்று நம்பி இதை எழுதுகிறேன்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மிளகுக் கொடிகள் புதுத் தளிர் விட்டிருக்கின்றன. காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழிக்க ஆள் வந்து போயாயிற்று. அடுத்த வீட்டுக் காளியாயி நாள் தவறாமல் குழம்பு கொண்டுவந்து தருகிறாள். தரும்போதெல்லாம் நீ எப்போது வருவாய் என்றும் கேட்கிறாள். குழம்பை வாங்கிக்கொள்கிறேன். கேள்விக்கு விடை சொல்வதில்லை.

இனி, கவிப்பிரியா அனுப்பிய காணொளியைப் பற்றி. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குச் சென்று நின்றால்தான் அது முழுவதும் இறங்குகிறது என்பதால், ரேஷன் வாங்கப் போனபோது அங்கேயே நின்று பார்த்தேன். காப்பித் தோட்டத்துத் துரை பங்களாச் சமையற்கட்டில் நீ வேலை பார்த்த நாளில் கற்ற பெயரால் அதை நீ 'பை' என்பாய். நான் கனியப்பம் என்றே சொல்லிப் பழகியவன். குளிர்ந்த வெண்ணெயை மாவில் துண்டு துண்டாக இட்டு, விரல் நுனியால் நெருடி உதிர் உதிராக ஆக்கினாய். பனிக்கட்டி இட்ட நீர் தெளித்துத் திரட்டி, ஈரத்துணியால் மூடி உறங்கவைத்தாய். பேரிக்காயைச் சீவி, வெல்லமும் பட்டையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து வேகவைத்தாய். எல்லாம் நம் வீட்டில் செய்தது போலத்தான். அடுப்பு மட்டும் புதிது. கண்ணாடிக் கதவும் உள்ளே விளக்கும் கொண்டது; சம்பந்தி உனக்கென்றே வாங்கியதாம். நான் உனக்குத் தந்தது ஓர் அண்டாவும், அதில் பரப்ப ஆற்று மணலும், மேல்தட்டில் இடத் தணலும். அதற்குள் விளக்கு எரியாது. அதைக் குறையாக நீ ஒரு நாளும் சொன்னதில்லை. இனிச் சொல்லக்கூடும்.

விளக்கைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். வெந்த பேரியைக் கிளறி, கரண்டியில் சிறிது எடுத்து நீ நாவில் வைத்துப் பார்த்தாய். பிறகு அதே பாத்திரத்தில் இன்னொரு கரண்டி எடுத்து அருகில் நின்ற ஐயாக்கண்ணுவிடம் நீட்டி, "போதுமாங்கண்ணா?" என்று கேட்டாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பெரிய நீதி வழங்குபவர் போல மோவாயைத் தடவி, "இன்னுங் கொஞ்சம் வெல்லம் போடலாமுங்க" என்றார். நீ போட்டாய்.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது.

கண்ணாயி, உன் கையால் உண்டு வாழ்ந்த இத்தனை ஆண்டுகளில் அக்கரண்டி ஒருமுறையேனும் என் பக்கம் நீண்டதில்லை. நம் வீட்டில் தெய்வத்துக்குப் படைக்கும் முன் எவரும் எதையும் நாவில் வைப்பதில்லை என்பது நான் வகுத்த நெறி. அதை மறந்து பேசவில்லை. ஓசூரில் அந்நெறி இல்லை என்பதையும் அறிவேன். ஆயினும் ஒருவரிடம் கேட்கத்தான் வேண்டும் என்றால், வாழ்நாள் முழுதும் டெப்போவில் பஸ்ஸுக்குக் கிரீஸ் தடவியவரிடம்தானா பேரிக்கனியின் பக்குவத்தைக் கேட்பது? அவர் நல்லவர். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்தப் பேரிக்காய்களும் நம் மரத்தினவே. வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டிச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான். அவற்றைத் தின்றுவிட்டுச் சம்பந்தி ஸ்பீக்கரில் சொன்னதை நீயும் கேட்டாய்: "பொண்ணு பாக்க வந்தப்ப உங்க ஊட்டுல தின்னது கொஞ்சம் புளிச்சுதுங்க சம்பந்தி. இங்க வந்துதான் சம்பந்தியம்மாவுக்குக் கை தெறந்திருக்குது." எல்லாரும் சிரித்தார்கள். அச்சிரிப்பில் உன்னுடையது எது என்று எனக்குத் தெரியும்.

அதே மூச்சில் கவிப்பிரியா, அபார்ட்மெண்டில் எல்லாரும் அம்மாவின் பையைக் கேட்கிறார்கள் என்றும், தை பிறக்கும்வரை நீ அங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னாள். பேரனுக்கு மூன்று மாதம் நிறைந்ததும் நீ திரும்புவதாகத்தான் பேச்சு. அவன் இப்போது குப்புற விழுகிறான். நீ ஒன்றும் சொல்லவில்லை. டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

உன் வரவை நான் வற்புறுத்தேன். மரத்தில் பேரி முற்றிவிட்டது என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். கிளிகள் தின்கின்றன.

பேரனுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாதேஸ்வரன்

*

சேர்வராயன் துணை

நாகலூர்,
ஆடிக் கடைசி வெள்ளி.

படைத்ததை ஏற்பவனும், படைப்பவர் நெஞ்சை அதற்கு முன்பே அறிபவனுமாகிய பெருமானை வணங்குகிறேன்.

கண்ணாயிக்கு, மாதேஸ்வரன் எழுதுவது. என் கடிதம் கிடைத்தவுடன் நீ விடை எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். விடைக்குப் பதிலாக ஐயாக்கண்ணுவை அனுப்பினாய்.

புதன்கிழமை மாலை மழையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஒரு கையில் குடை. மறு கையில் துணியால் கட்டிய தகரத் தட்டு. மலைப்பாதை வளைவுகளில் எல்லாரும் கம்பியைப் பிடித்திருக்க, இவர் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாராம். காளியாயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க மாமா, அக்காளக் காணோம், அப்பம் மட்டும் பஸ் ஏறி வந்திருக்குது?" என்றாள். அவளுடைய குழம்பை உண்பவன் ஆதலால் பொறுத்துக்கொண்டேன்.

அத்தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டுச் சம்பந்தி சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதுகிறேன். "சம்பந்தியம்மா உங்களுக்குன்னு தனியாச் செஞ்சதுங்க. நீங்க சாமிக்கு வெச்சுத்தான் திம்பீங்கன்னு ஆரும் நாக்குல வெக்கலைங்க. எப்பவும் போல நான் கையை நீட்டுனேன். 'இது அவருக்குங்கண்ணா'ன்னு கரண்டியத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க."

அவர் முகத்தில் சிறிது வாட்டம் இருந்தது. எனக்கு அது வருத்தம் தரவில்லை என்பதை உள்ளபடி எழுதுகிறேன்.

கால் கழுவி, விளக்கேற்றி, கனியப்பத்தைப் பெருமான் முன் வைத்துப் பதிகம் பாடினேன். வழக்கத்தைவிட இரண்டு பாடல் கூடுதலாகவே பாடினேன். பிறகு இருவரும் உண்ண அமர்ந்தோம். சம்பந்தி ஒரு வாய் வைத்தார். மெல்வதை நிறுத்தினார். இன்னொரு முறை மென்று பார்த்தார். "ஏனுங்க, இதே கைதானுங்களே, இதே மரத்துக் காய்தானுங்களே. முந்தாநேத்து அபார்ட்மெண்டுக்குச் செஞ்சது தேனாட்டம் இருந்துதுங்களே" என்று, தட்டில் ஏதோ களவு போனது போலத் தேடினார்.

எனக்கு வியப்பேதும் இல்லை. ஓரத்தில் சிறு துவர்ப்பு, நடுவில் புளிப்பு, மொறுமொறுப்பான மேலோடு. இத்தனை ஆண்டும் நான் உண்டது இதுவே. அந்தப் புளிப்பைத்தான் உன் கைப்பக்குவம் என்று எண்ணி, அதை விரும்பவும் பழகியிருந்தேன். அவர் மீதம் வைத்ததையும் நானே உண்டேன்.

கை கழுவும்போது அவர் மெல்லச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. மலைப் பேரி காய்க்குக் காய் வேற வேறங்க. ஒண்ணு இனிக்குது, ஒண்ணு துவர்க்குது. வாயில வெக்காம எத்தன வெல்லம்னு எப்பிடிங்க தெரியும்? கண்ணக் கட்டிக்கிட்டுப் போட்டிருக்காங்க." எனக்குச் சினம் வந்தது. நைவேத்தியத்தின் இலக்கணம் பற்றி அவருக்கு நெடுநேரம் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "சரிங்க. ஆனா அன்னைக்குப் புளிச்சதும் அதனாலதானுங்க" என்றார்.

சென்ற சனிக்கிழமை பஜனை மடத்தில் நான் ஆற்றிய விரிவுரையைக் காளியாயி உனக்குச் சொல்லியிருப்பாள். காட்டில் தனித்திருந்த மூதாட்டி ஒவ்வொரு கனியாகக் கடித்துப் பார்த்து, இனித்ததை மட்டும் எடுத்துவைத்து நீட்ட, பெருமான் அதனை எச்சில் என்று எண்ணாமல் அமுதாக ஏற்ற இடம். அவ்விடத்தைச் சொல்லும்போது கேட்டவர்கள் கண் துடைத்தார்கள். எனக்கும் குரல் தழுதழுத்தது. ஆண்டுதோறும் தழுதழுக்கிறது. புதன்கிழமை விளக்கணைத்துப் படுத்தபின் அந்த மூதாட்டி உன் சாயலில் வந்து நின்றாள். அவள் கையில் கனி இருந்தது. கடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நாங்களே செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. சொன்னவர் அவர், ஒப்பியவன் நான். வெண்ணெய் காளியாயி தந்தது. மாவில் அதை நான் பிசையத் தொடங்கியதும் சம்பந்தி என் மணிக்கட்டைப் பற்றி, "உள்ளங்கை படக் கூடாதுங்க, சூட்டுல உருகிரும். வெரல் நுனிதான்னு சம்பந்தியம்மா சொல்வாங்க" என்றார். மாவு திரண்டதும், "இதுக்கு மேல அழுத்துனா தோலாட்டம் ஆயிரும்பாங்க" என்றார். ஈரத்துணி, பாட்டிலால் தேய்ப்பது, ஓரத்தைக் கட்டை விரலால் அமுக்கி அலை போல மடிப்பது, மேலோட்டில் ஆவி போகக் கீறுவது, பால் பூசுவது என ஒவ்வொன்றுக்கும் அம்மா சொல்வாங்க, அம்மா சொல்வாங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என் சமையற்கட்டில், என் மனைவியின் வாக்கை, இன்னொருவர் வாயால் கேட்டுக் கற்கும் நிலை எனக்கு நேர்ந்தது. இவை அனைத்தும் என் வீட்டில் என் முதுகுக்குப் பின்னே நடந்தவை. நான் ஏடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேரி வெந்ததும் அவர் கரண்டியில் சிறிது எடுத்து, ஊதி, என்னிடம் நீட்டினார். கை ஓயும்வரை நீட்டியபடியே நின்றார். நான் வாங்கவில்லை. ஆனால் அதற்கும் ஒரு வழியை நான் முன்னரே செய்து வைத்திருந்தேன். விடியற்காலையில் பறித்த காய்களைச் சீவும் முன்பே விளக்கின்முன் வைத்துப் படைத்துவிட்டேன். காயும் படைத்தாயிற்று, வெல்லமும் படைத்தாயிற்று. படைத்தபின் அவற்றால் ஆவதெல்லாம் பிரசாதமே. பிரசாதத்தை நாவில் வைக்கத் தடை சொல்லும் நூல் எதையும் நான் கற்றதில்லை. இதனைச் சம்பந்திக்குச் சொன்னேன். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா கையாச்சும் வலிக்காம இருந்திருக்குமுங்க" என்றார்.

வாங்கிச் சுவைத்தேன். துவர்த்தது. இன்னும் ஓர் அச்சு வெல்லம் என்றேன். வேண்டாம், திகட்டும் என்றார் அவர். நான் இட்டேன். வெந்து வந்தபின் பார்த்தால் நான் சொன்னதே சரி. அவரே ஒப்புக்கொண்டார், நீ நம்பாவிட்டால் கேட்டுக்கொள். ஒரு பக்கம் கரிந்துவிட்டது, மேலோடு நடுவில் பிளந்துவிட்டது. காளியாயி ஒரு துண்டு தின்று, "நல்லாத்தான் இருக்குதுங்க மாமா. ஆனா அக்கா வாற வரைக்கும் இது வெளிய தெரிய வேண்டாம்" என்றாள். கரியாத பாதியைச் சம்பந்தி கையிலேயே உனக்கு அனுப்புகிறேன். வழியில் அவர் பிரித்துப் பார்க்கமாட்டார் என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். துணி முடிச்சை நானே இட்டேன். அவிழ்த்துக் கட்டியிருந்தால் உனக்குத் தெரியும்.

அவர் மேல் எனக்கு வெறுப்பில்லை, கண்ணாயி. சற்று முன் நம் வீட்டுப் படிக்கட்டில் நின்று, "சம்பந்தியம்மா சமைக்கறப்பப் பாட்டு முணுமுணுப்பாங்க, கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். கேட்டிருக்கிறேன் என்றேன். அது பொய். அது எந்தப் பாட்டு என்று அவரிடம் கேட்க என்னால் முடியவில்லை. நீ வந்து பாடினால் தெரிந்துகொள்வேன்.

கண்ணாடிக் கதவுள்ள அடுப்பு வேண்டுமானால் சேலத்தில் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டேன். நானே வாங்குவேன். சம்பந்தி வாங்கியது அவர் வீட்டிலேயே இருக்கட்டும். தை வரையில் இருக்க வேண்டும் என்று கவிப்பிரியா கேட்டால், அவள் பச்சை உடம்புக்காரி, அவள் சொல்லைத் தட்டாதே. ஆனால் மேல்கிளையில் ஒரு கொத்து மட்டும் கிளிக்கு எட்டாமல் வலை கட்டி வைத்திருக்கிறேன். அது ஆவணியைத் தாண்டாது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் தொட்டுப் பார்க்கிறேன்.

பேரி வேகும்போது முதலில் நீ சுவைத்துப் பார். பின்பு அக்கரண்டியை என் பக்கம் நீட்டிப் போதுமா என்று கேள். போதும் என்று சொல்லமாட்டேன்.

குகைவாழ் பெருமானும் காவேரித் தாயும் உன்னையும், மகளையும், பேரனையும், மாப்பிள்ளையையும் நோயின்றிக் காக்க. வேலம்மாளின் மடைப்பள்ளியில் என்றும் அன்னம் குறையாதிருக்க. ஐயாக்கண்ணுவின் நா நலமுற்று நெடுங்காலம் வாழ்க. அது தன் வீட்டுச் சமையலையும் புகழக் கற்க. நீங்கள் அனைவரும் உண்ணும் ஒவ்வொரு கவளமும் அமுதாக.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும்
மாதேஸ்வரன்